கிழட்டுக் கணினியை என்ன செய்வது?

கேள்வி: நான்கு பேர் வேலை செய்யும் சிறிய ஆய்வகம் எங்களுடையது. ஸ்பெக்ட்ரோமீட்டரை இயக்கும் கணினியில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பிதான் ஓடுகிறது. "தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள்" என்கிறார்கள். கருவியோ நன்றாகவே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தூக்கிப் போடாதீர்கள். எக்ஸ்பிக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-உடன் நிறுத்திவிட்டது உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டி உங்கள் கருவியின் ஓர் உறுப்பு. அதைத் தனிக் கணினியாகப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம். கருவியோடு பேசும் கார்டு ஒன்று உள்ளே செருகியிருந்தால், புதிய மதர்போர்டில் அதற்கு இடமே இல்லாமல் போகலாம். அந்தக் கார்டை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருளான டிரைவரும் பெரும்பாலும் எக்ஸ்பியோடு நின்றிருக்கும்.

முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். தரவை பென்டிரைவில் எடுங்கள். அந்த பென்டிரைவை ஒவ்வொரு முறையும் வேறொரு கணினியில் வைரஸ் சோதனை செய்த பிறகே இதில் செருகுங்கள்.

அடுத்து, யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு பொருள்: மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் நாணய பேட்டரி. நான் கவனித்துவந்த கணினி ஒன்று ஒரு திங்கட்கிழமை காலை 2002 ஜனவரி 1 என்று தேதி காட்டியது. கருவியின் மென்பொருள், "உரிமக் காலம் இன்னும் தொடங்கவில்லை" என்று திறக்க மறுத்தது. தேதியைத் திருத்தினால் தீர்ந்தது என்று நினைத்து மறுபடி இயக்கினேன், விண்டோஸ் செயலிழந்ததைக் காட்டும் நீலத் திரை. பேட்டரி செத்ததும் பயாஸ் (விண்டோஸுக்கு முன் கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல்) அமைப்புகள் எல்லாம் ஆதிநிலைக்குப் போய், ஹார்ட் டிஸ்க்கை அணுகும் முறையும் மாறிவிட்டிருந்தது. ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகித்து இரண்டு நாட்களை வீணாக்கினேன். இன்றே பயாஸ் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கைபேசியில் படம் எடுத்துவிட்டு, பேட்டரியை மாற்றுங்கள்.

பிறகு குளோன்ஸில்லா போன்ற இலவச மென்பொருளால் ஹார்ட் டிஸ்க்கை முழுவதுமாக நகலெடுங்கள். நகலை அலமாரியில் வைப்பதற்கு முன் கணினியில் மாட்டி, ஒரு மாதிரியை அளந்து பாருங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் "அடுத்த வாரம்" என்று தள்ளிப்போடுகிறார்கள்.

கேள்வி: மார்ச்1 என்ற ஜீனின் பெயரை எக்செல் தேதியாக மாற்றிவிடுகிறது. செல்லை 'டெக்ஸ்ட்' என்று மாற்றினால் 45352 என்று வருகிறது!

பதில்: அது 2024 மார்ச் 1-க்கான எக்செலின் வரிசை எண். பெயர் அங்கே இல்லை. மூலக் கோப்புக்குத்தான் திரும்ப வேண்டும். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எளிய தரவுக் கோப்பு) இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், 'டேட்டா' பட்டியலின் வழியாக இறக்குமதி செய்து, ஜீன் பெயர் உள்ள பத்தியை அப்போதே டெக்ஸ்ட் என்று குறியுங்கள். இந்தத் தொல்லை பொறுக்காமல் 2020-இல் மனித ஜீன்களின் பெயர்களையே மாற்றினார்கள்: மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1. எக்செலிலும் 2023-இல்தான் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதி வந்தது. ஒரு விரிதாளுக்காக உயிரியல் வளைந்துகொடுத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. பழைய தரவுகளில் பழைய பெயர்கள்தான் இருக்கும், கவனம்.

கேள்வி: படிப்பை முடித்துப் போன மாணவர் எழுதிய பைத்தான் நிரல் ஓட மறுக்கிறது. பிழைச் செய்தி பிரின்ட் வரியைச் சுட்டுகிறது.

பதில்: அடைப்புக்குறி இல்லாத பிரின்ட் என்றால் அது பைத்தான் மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2, அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது. அடைப்புக்குறி போட்டால் ஓடிவிடலாம். அதற்காக மகிழ்ந்துவிடாதீர்கள். பைத்தான் 2-இல் முழு எண்களான 5-ஐ 2-ஆல் வகுத்தால் விடை 2. பைத்தான் 3-இல் 2.5. பிழைச் செய்தி எதுவும் வராது, எண் மட்டும் மாறும். அந்த மாணவரின் ஆய்வேட்டில் அச்சான ஓர் அட்டவணையை எடுத்து, அதே தரவைக் கொடுத்து, அதே எண்கள் வருகின்றனவா என்று முதலில் பாருங்கள்.