புத்தகத்தை முதலில் அம்மம்மாவிடம் கொடுங்கள்

கேள்வி: படுவான்கரைப் பக்கம் ஒரு பாடசாலையில் சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிக்கிறேன். தரம் 9 இல் கட்டிளமைப் பருவம் பற்றிய பாடத்தைத் தொடங்கியதும் ஒரு தாய் நேரே வகுப்புக்கு வந்து, "என்ட புள்ளைக்கு இந்தக் கதையெல்லாம் என்னத்துக்கு டீச்சர்?" என்று கேட்டுவிட்டார். அதிபர், "கொஞ்சம் ஆறப் போடுங்க" என்கிறார். வீட்டாரை எப்படிச் சேர்த்துக்கொள்வது?
ஓர் ஆசிரியை, மட்டக்களப்பு

பதில்: டீச்சர், அந்தத் தாய் உங்கள் பாடத்தை இன்னும் பார்க்கவில்லை. பெயரை மட்டும் கேட்டிருக்கிறார்; மிச்சத்தைப் பயம் நிரப்பிவிட்டது. ஆகவே விளக்கம் சொல்லத் தொடங்குமுன் புத்தகத்தைக் கையில் கொடுங்கள். அரசாங்கம் இலவசமாகத் தந்த அதே புத்தகம், அதே பக்கம்.

சில வருடங்களுக்கு முன் உங்கள் பக்கத்திலேயே இப்படி ஒரு கூட்டம் நடத்தினேன். நாற்பது பேரளவில் வந்தார்கள், அநேகமாகப் பெண்கள். நான் பேசாமல் புத்தகத்தை வரிசையாகக் கைமாற்றி அனுப்பினேன். முன் வரிசையில் இருந்த அம்மம்மா ஒருவருக்கு எழுத்துக் கூட்டவே சிரமம். பக்கத்திலிருந்தவர் வாசித்துக் காட்டினார். கேட்டு முடித்துவிட்டு, "இவ்வளவுதானா மனே? நான் என்னவோ ஏதோ எண்டு பயந்து வந்தன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, யாரையும் பார்க்காமல், "நான் பெரியபிள்ளையான அண்டு செத்துப் போகப்போறன் எண்டுதான் நினைச்சன். ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் நான் பேச வேண்டிய தேவை பெரிதாக இருக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். பிள்ளை பெரியவளானால் மண்டபம் எடுக்கிறோம், வீடியோ எடுக்கிறோம், சந்தியில் படம் போட்டுப் பதாகை கட்டுகிறோம். ஊருக்கெல்லாம் தெரியும். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் தொண்டைக்குள் இறங்குகிறதே தவிர, உடம்பில் என்ன நடக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. ஆண் பிள்ளைக்கு முட்டையும் இல்லை, நல்லெண்ணெயும் இல்லை. அவன் கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள், சிரிப்பார்கள். சிரித்த பிறகு கேட்கவும் தொடங்குவார்கள்.

யாரை அழைப்பது என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். 'பெற்றோர்' என்று கடிதம் போனால், தாய் மத்திய கிழக்கில் வேலை செய்கிற வீட்டில் அந்தக் கடிதத்துக்கு ஆளில்லை. அந்தப் பிள்ளையை வளர்ப்பது அம்மம்மா, இல்லாவிட்டால் பெரியம்மா. எங்கள் பக்கம் பெண் பிள்ளைக்குத்தான் வீடு என்பதால் தாய்வழிச் சொந்தம் ஒரே வளவில், அல்லது அடுத்த வேலிக்குள் இருக்கும். 'பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற பெரியவர்' என்று எழுதுங்கள், சரியான ஆள் வருவார். அறுவடை நாளிலும் கண்ணகி அம்மன் சடங்கு நாளிலும் கூட்டம் வைத்தால் கதிரைகள்தான் இருக்கும். பக்கத்து ஊர் முஸ்லிம் பாடசாலையோடு சேர்ந்து செய்வதானால் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரையும் கூப்பிடுங்கள். இதே பிள்ளைகளைக் கிளினிக்கில் தராசில் போட்டு நிறுத்தவர் அவர். உங்களை விட அவரிடம் தாய்மார் கூச்சமில்லாமல் கேட்பார்கள். 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி பாடசாலையில் போடப்படுகிறது. பேச்சை அந்த ஊசியிலிருந்து தொடங்குவது சுகம். தகப்பன்மாரைத் தனியாக, பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வைத்துச் சந்திப்பது நல்லது. அவர்கள் காது கொடுப்பது சட்டம் பற்றிப் பேசும்போதுதான்: எங்கள் நாட்டுச் சட்டத்தில் 16 வயதுக்குக் குறைந்த சிறுமி பாலுறவுக்குத் தரும் சம்மதம் சம்மதமே அல்ல.

"சொல்லிக் கொடுத்தால் செய்து பார்க்கத் தோன்றாதா?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். யுனெஸ்கோ 2018 இல் வெளியிட்ட வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, பாலியல் கல்வியால் பிள்ளைகளின் பாலியல் நடத்தை கூடுவதில்லை என்றே சொல்கிறது. இதை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு நகருங்கள். இந்தப் பயம் ஏதோ நம்மூர்ப் பட்டிக்காட்டுத்தனம் என்றும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் 2020 செப்டெம்பரில் இடைநிலைப் பாடசாலைகளுக்கு இந்தக் கல்வியைக் கட்டாயமாக்கினார்கள். அங்கேயும் பாடசாலை பெற்றோரைக் கலந்தே தன் கொள்கையை எழுத வேண்டும். பாலியல் பகுதியிலிருந்து பிள்ளையை விலக்கும்படி பெற்றோர் கேட்கலாம், உறவுகள் பற்றிய பகுதியிலிருந்து விலக்க முடியாது.

அப்புறம் வீட்டு வேலை. சின்னதாக, வாய்ப்பேச்சாக இருக்கட்டும்: 'உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், அவர் பதினான்கு வயதில் எதற்குப் பயந்தார் என்று கேளுங்கள்.' எழுதிக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். வீட்டுக் கதை கொப்பியில் ஏறினால் அடுத்த நாள் ஊரில் இருக்கும். கேட்க விரும்பாத பிள்ளையை விட்டுவிடுங்கள். காரணமும் கேட்க வேண்டாம்.

இங்கே ஒரு எல்லை உண்டு, இதில் நான் பிடிவாதமான ஆள். பாடம் நடக்கும்போது ஒரு பிள்ளை தனியே வந்து, தன்னை ஒருவர் தொட்டார், படத்தை வைத்து மிரட்டுகிறார் என்று சொன்னால், முதலில் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்காதீர்கள். செய்தவர் அந்த வீட்டிலேயே இருக்கலாம். 'யாருக்கும் சொல்ல மாட்டேன்' என்று பிள்ளைக்கு வாக்கும் கொடுக்காதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி உதவி இலக்கம் 1929 இருக்கிறது, பிரதேச செயலகத்தில் சிறுவர் விடயம் பார்க்கும் உத்தியோகத்தர் இருக்கிறார். அதிபரிடம் இதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பேச நேரமிராது.

அந்தத் தாயைக் கூட்டம் வரை காக்க வைக்க வேண்டாம். இந்தக் கிழமையே, பாடசாலை விட்டபின், வாசலில் நின்றே கதையுங்கள். புத்தகத்தைக் கொடுத்து ஓர் இரவு வீட்டில் வைத்திருக்கச் சொல்லுங்கள். மறுநாள் "எந்தப் பக்கம் பிடிக்கவில்லை அக்கா?" என்று கேளுங்கள். அவர் ஒரு பக்கத்தைக் காட்டினால், அந்தப் பாடம் நடக்கிற அன்று வந்து பின் வாங்கில் இருக்கச் சொல்லுங்கள்.