மறுமொழி: ஒரு மகசீனில் மட்டும் ரவை சிக்குகிறது

தம்பி, உப்புவெளிப் பக்கம் காவல் வேலையில் கொடுத்த பழைய பெரெட்டா 92 பிஸ்டலில், ரவை அடுக்கும் இரண்டு மகசீனில் ஒன்றைப் போட்டால் மட்டும் ரவை மூக்குக் குத்தி நிற்கிறது, பிஸ்டலையே மாற்றச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம். மற்ற மகசீனில் ஒழுங்காகச் சுடுகிறதென்றால் பெரும்பாலும் பிழை அந்த மகசீனில்தான்.

வெறுமையாக்கி, அதன் வாயைப் பாருங்கள். ரவையைப் பிடித்திருக்கும் இரண்டு உதடுகளும் கீழே விழுந்தால் இலேசாக விரிந்துவிடும். குறட்டால் நெரித்துச் சரிசெய்ய நினைக்காதீர்கள், மகசீனை மாற்றுங்கள். உதடு சரியென்றால் ஸ்பிரிங். நமது கடற்காற்றுக்கு உள்ளே துரு பிடித்திருக்கும், தோலுறையும் ஈரத்தை விடாது. அதற்காக உள்ளே எண்ணெய் ஊற்றினால் மணல் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

இந்த ரகத்தில் நான் உண்மையில் பயப்படுவது லொக்கிங் புளொக்குக்குத்தான், அதாவது சுடும்போது குழலையும் அதன்மேல் முன்பின் ஓடும் சிலைட்டையும் பூட்டிப் பிடிக்கும் துண்டுக்கு. அதிகம் சுட்ட பிஸ்டலில் அதன் இரண்டு காதுகளில் ஒன்று அடியில் முறியும், சிலைட் பாதிவழியில் இறுகிவிடும். கழற்றியதும் காது தொடங்கும் மூலையில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். 1980களில் அமெரிக்கப் படையில் சிலைட்டே உடைந்து பின்னால் பறந்து சுட்டவர்களைக் காயப்படுத்தியது. பிறகு வந்த 92எஃப்எஸ் ரகத்தில் அதைத் தடுக்கச் சுத்தியலைத் தாங்கும் ஊசியின் தலையைப் பெரிதாக்கினார்கள்.

கீறல் கண்டால் சுடாமல் ஆயுதப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். சிலைட்டைத் திரும்ப முன்னே தள்ளும் ரீகோயில் ஸ்பிரிங் கடைசியாக எப்போது மாற்றியது என்றும் அவரிடமே கேளுங்கள். அனேகமாகப் பதிவே இருக்காது!