விமானிகளின் ஓய்வு வயதை 67 ஆக்கினால் புதியவர்களின் சம்பளம் குறையுமா? பிள்ளையைப் பைலட் படிப்பில் சேர்க்கலாமா?

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருக்கிறது, விமானிப் பற்றாக்குறை என்று எங்கோ படித்திருக்கிறீர்கள், விற்கக் கொஞ்சம் நிலமும் இருக்கிறது. உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. 2007-இல் எங்கள் வீடும் இப்படித்தான் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

தக்கலை பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 60 சென்ட் ரப்பர் விளை, அதாவது தோட்டம். ஒரு பயிற்சிப் பள்ளியின் ஆள் வீட்டுக்கே வந்து, ஆள் கிடைக்காமல் விமானங்கள் நிற்கின்றன, படிப்பு முடிந்த அன்றே வேலை என்று சொன்னார். விளையை விற்றோம். 2009-இல் 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் வாங்கி வந்தேன். அதற்குள் 2008 பொருளாதாரச் சரிவில் விமான நிறுவனங்கள் ஆளெடுப்பதை நிறுத்தியிருந்தன. 2012-இல் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் நின்றுபோனதும், என்னைவிட இருபது மடங்கு அனுபவம் உள்ளவர்கள் அதே வேலைக்கு வரிசையில் வந்து நின்றார்கள்.

ஐந்து வருடம் நாகர்கோவிலில் ஒரு டியூஷன் சென்டரில் இயற்பியல் எடுத்தேன். லைசென்ஸ் செல்லுபடியாக இருக்க மருத்துவப் பரிசோதனை, ரேட்டிங் எனும் தகுதிச் சான்றின் புதுப்பிப்பு, அதற்கான பறக்கும் நேரம் என்று கைக்காசு போய்க்கொண்டே இருந்தது. கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். "பைலட்டுக்கு இன்னும் வேலை ஆகலியோ" என்று மாமிமார் கேட்பார்கள். அப்பா மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு தடவை நானே விளைப் பேச்சை எடுத்தபோது, "சாரமில்ல மக்களே, விளை போனா போட்டு" (பரவாயில்லை மகனே, போனால் போகட்டும்) என்றார், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பற்றாக்குறை என்று சொல்லும்போது எந்தச் சீட்டுக்கு என்று கேளுங்கள். தட்டுப்பாடு எப்போதும் இடது சீட்டுக்குத்தான், அதாவது கேப்டனுக்கு. லைசென்ஸ் மட்டும் வைத்திருக்கும் புதியவர்கள் நிறையவே இருக்கிறார்கள். சம்பளமும் சீட்டைப் பொறுத்தது. 2014-இல் துணை விமானியாகச் சேர்ந்து 2022-இல் கேப்டன் ஆனேன். அன்று என் சம்பளம் ஏறத்தாழ மூன்று மடங்கானது. ஓய்வு வயது இடிப்பது இங்கேதான். யாருடைய சம்பளத்தையும் அது நேராகக் குறைக்காது, அந்த மூன்று மடங்கு உங்கள் கைக்கு வரும் நாளைத் தள்ளிப்போடும்.

அமெரிக்காவில் இது நடந்தே இருக்கிறது. 1960 முதல் அங்கே விமானிகள் 60 வயதில் ஓய்வு பெற வேண்டியிருந்தது. 2007 டிசம்பரில் அதை 65 ஆக்கினார்கள். மூத்தவர்களுக்கு உச்சச் சம்பளத்தில் இன்னும் 5 ஆண்டு கிடைத்தது. அடுத்த ஆண்டே சரிவும் வந்ததால் கீழே இருந்தவர்களின் வரிசை நகரவே இல்லை. 2009-இல் பஃபலோ அருகே கோல்கன் என்ற சிறு நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அந்த விசாரணையில்தான் சிறு நிறுவனத் துணை விமானிகள் ஆண்டுக்கு 25 ஆயிரம் டாலருக்கும் கீழே வாங்குவது வெளியே வந்தது. 2013 முதல் துணை விமானிக்கே பொதுவாக 1500 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும் என்றானது. பிறகு கொரோனாவில் மூத்தவர்கள் பலரைப் பணம் கொடுத்து முன்கூட்டியே அனுப்பினார்கள். கூட்டம் திரும்பி வந்தபோது ஓட்ட ஆள் இல்லை. 2023-இல் டெல்டா விமானிகள் 4 ஆண்டில் 34 சதவீத உயர்வு வாங்கினார்கள். 67 ஆக்கும் பேச்சு அங்கே எழுந்தது, 2024 சட்டத்தில் 65-ஐ மாற்றவில்லை. 2025-இல் விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா உலக அளவில் 67 கேட்டது. கேட்டவர்கள் யார் என்று கவனியுங்கள்.

நம் நாட்டிலும் உச்ச வரம்பு 65. ஆனால் இங்கே ஓய்வால் காலியாகும் இடத்தைவிட, புது விமானத்தால் உண்டாகும் இடம் அதிகம். 2023-இல் மட்டும் இண்டிகோ 500, ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. அவை சொன்ன நேரத்துக்கு வந்தால் 67 ஆனாலும் உங்கள் பிள்ளையின் வரிசை நகரும். வரத் தாமதமானால் 65-லேயே வரிசை நிற்கும்.

மூத்தவர்களை விரட்டச் சொல்கிறேன் என்று யாராவது எழுதுவார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் 63 வயதுக் கேப்டன். ஒரு ஜூன் மழையில் திருவனந்தபுரத்தில் இறங்கும்போது ஓடுபாதை கண்ணுக்குப் படவில்லை. குரலே மாறாமல் "மேலே போவோம்" என்றார். சுற்றி வந்து இரண்டாம் முறை இறங்கினோம். அந்த நிதானம் எனக்கு இன்றும் முழுதாக வரவில்லை. அவர் இரண்டு வருடம் கூடுதலாக இருந்திருந்தால் நான் கேப்டன் ஆவது தள்ளிப்போயிருக்கும். இரண்டுமே உண்மை.

    

பிள்ளைக்கு ஆசை இருந்தால் சேருங்கள். பள்ளிக்கு ஒரு ரூபாய் கட்டும் முன்பே விமானிகளுக்கான வகுப்பு 1 மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள், கண்ணிலோ இதயத்திலோ குறை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். டைப் ரேட்டிங்குக்கு, அதாவது ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதிக்கு, இன்னொரு பெரிய தொகை வேண்டும், பள்ளிக்காரர் முதல் நாளில் அதைச் சொல்ல மாட்டார். எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, அதற்குமேல் மூன்று வருடம் வேலை இல்லாவிட்டாலும் சாப்பாட்டுக்கு வழி இருந்தால் நிலத்தில் கை வையுங்கள். குடியிருக்கும் வீட்டை மட்டும் அடகு வைக்காதீர்கள்.