கிறிஸ்மஸ் பாட்டு: கேட்டவர்களுக்குப் பதில்

டிசம்பர் நெருங்கினால் நம் குழுவில் பாட்டைப் பற்றிய கேள்விகள் குவிந்துவிடும். சர்ச் கொயரையும் பள்ளிப் பிள்ளைகளையும் பாட வைப்பதுதான் என் வேலை என்பதால், இந்தத் தடவை பதில் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

டீச்சர், வருஷா வருஷம் அதே பத்துப் பதினைந்து பாட்டுதான். சினிமாப் பாட்டு மூன்று மாதத்தில் சலித்துவிடுகிறது. இது மட்டும் ஏன் சலிப்பதில்லை?

சலிக்கும் அளவுக்கு நாம் பாடுவதில்லை. நாலைந்து வாரம் பாடிவிட்டுப் பதினோரு மாதம் எடுத்து வைத்துவிடுகிறோம். அப்புறம், இவற்றை நாம் வெறுமனே கேட்பதில்லை. சின்ன வயதிலிருந்தே கூட்டத்தோடு நின்று வாய்விட்டுப் பாடுகிறோம். போன வருஷம் பக்கத்தில் நின்று பாடியவர் இந்த வருஷம் இல்லையென்றால், அந்தப் பாட்டு அவரையும் சேர்த்துத்தான் கூட்டிக்கொண்டு வரும்.

ரெக்கார்டில் வந்த பாட்டுகளுக்கும் டிசம்பர் ஒரு மறுவாழ்வு கொடுக்கிறது. வாம் என்ற பிரிட்டிஷ் பாப் குழுவின் 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' வெளிவந்தது 1984இல். பிரிட்டனில் அது முதலிடத்தைப் பிடித்தது 2021 ஜனவரியில். பாடகி மரையா கேரியின் 1994ஆம் வருஷத்து 'ஆல் ஐ வாண்ட் ஃபார் கிறிஸ்மஸ் இஸ் யூ' அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது 2019 டிசம்பரில்தான்.

'சைலண்ட் நைட்' பிறந்த கதை உண்மையா? எலி ஆர்கனைக் கடித்துவிட்டதால் அவசரமாகக் கிட்டாருக்கு எழுதினார்கள் என்று எங்கள் ஆலயத்தில் வருஷந்தோறும் சொல்கிறார்கள்.

எலிக்கு ஆதாரம் கிடையாது. மெட்டுப் போட்ட ஃபிரான்ஸ் சேவர் குரூபரே 1854இல் நடந்ததை எழுதி வைத்திருக்கிறார். அதில் எலியும் இல்லை, பழுதான ஆர்கனும் இல்லை. 1818 டிசம்பர் 24 அன்று உதவிக் குரு யோசேப் மோர் ஒரு கவிதையைக் கொண்டுவந்து கொடுத்து, இரண்டு தனிக்குரலுக்கும் கோரஸுக்கும் கிட்டார் துணையோடு மெட்டு வேண்டும் என்று கேட்டார், அன்றைக்கே போட்டுக் கொடுத்தேன் என்கிறார். அவ்வளவுதான். கவிதையை மோர் 1816இலேயே எழுதிவிட்டார். நெப்போலியன் போர்கள் ஓய்ந்திருந்த சமயம் அது. ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பக்கத்து ஓபர்ன்டார்ஃப் என்ற சின்ன ஊரில் அன்றிரவு இரண்டு பேரும் நின்று பாடினார்கள். மோர் டெனர் (மேல் ஆண்குரல்), குரூபர் பேஸ் (கீழ் ஆண்குரல்).

எலியை விட இந்தக் கதைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உலகத்துக்காக யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. அன்று ராத்திரி பாடுவதற்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது.

தமிழில் கிறிஸ்மஸ் பாட்டு எப்போது வந்தது? பாமாலை, கீர்த்தனை என்று இரண்டு புத்தகம் ஏன்?

இரண்டு வழியாக வந்ததால் இரண்டு புத்தகம். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரிகளும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் தங்கள் ஊர் மெட்டிலேயே தமிழ் வார்த்தைகளை வைத்தார்கள். பாமாலை அந்த வழி. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் நம் ராகத்திலேயே எழுதினார்கள். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் கச்சேரி வடிவம். இது கீர்த்தனை வழி. ஒரே ஆராதனையில் இரண்டையும் பாடுகிற சபைகள் நம்முடையவை. பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக்கொடுங்கள், ஒன்று போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆபீஸ் விழாவுக்கு ஒரு பாட்டு எழுதச் சொல்கிறார்கள். எழுதலாமா?

தாராளமாக எழுதுங்கள் தம்பி. 'ஒயிட் கிறிஸ்மஸ்' எழுதிய இர்விங் பெர்லின் யூதர். 'லெட் இட் ஸ்னோ' எழுதிய இருவரும் யூதர்கள்தான். 1945 ஜூலையில், ஹாலிவுட் வெயிலில் உட்கார்ந்து எழுதினார்கள். 1857இல் வந்த 'ஜிங்கிள் பெல்ஸ்' பாட்டில் கிறிஸ்மஸ் என்ற சொல்லே கிடையாது.

மெட்டுப் போட எங்களுக்குத் தெரியாது. வேறொரு பாட்டின் மெட்டில் வார்த்தை வைத்தால் தப்பா?

தப்பே இல்லை, அது பழைய வழக்கம். 'குட் கிங் வென்சஸ்லாஸ்' மெட்டு 1582இல் அச்சான ஒரு புத்தகத்தில் வசந்த காலப் பாட்டாக இருந்தது. 'ஹார்க் தி ஹெரால்டு' மெட்டை ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் 1840இல் போட்டது அச்சுக்கலையைக் கொண்டுவந்த குட்டன்பர்கைப் பாராட்டும் விழாவுக்காக. பதினைந்து வருஷம் கழித்து வேறொருவர் அதைச் சார்லஸ் வெஸ்லியின் வரிகளோடு சேர்த்தார். 'கேரல் ஆஃப் தி பெல்ஸ்' உக்ரைனியப் புத்தாண்டுப் பாட்டு. மூலத்தில் ஒரு தகைவிலான் குருவி பறந்துவந்து, வீட்டுக்காரனுக்கு வரப்போகும் செழிப்பைச் சொல்லும்.

எந்த மெட்டு என்பதில் மட்டும் கவனம் வேண்டும். இந்தியாவில் இசையமைத்தவர் இறந்து 60 வருஷம் வரை காப்புரிமை உண்டு. சினிமா மெட்டில் எழுதி யூடியூபில் போட்டால் பிரச்சினை வரும். அதோடு, சினிமா மெட்டைக் கேட்டவுடன் கூட்டத்துக்குப் பழைய வரிதான் வாயில் வருகிறது. தாலாட்டு, கும்மி, ஓடப்பாட்டு என்று நம்மிடம் இருக்கும் நாட்டுப்புற மெட்டுகளை எடுங்கள். தாலாட்டு மெட்டு இந்தப் பண்டிகைக்கென்றே செய்துவைத்தது போல இருக்கும்.

நாங்கள் இளைஞர் குழு. இந்த வருஷம் வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸுக்கு சொந்தப் பாட்டு வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். ஒருவனுக்குக் கிட்டார் தெரியும். பல்லவி இப்படி எழுதியிருக்கிறோம்: "ஆதியிலே வார்த்தையான தேவ மைந்தன் மகிமை துறந்து மாந்தர் பாவம் போக்கிடவே மண்ணில் வந்து பிறந்தாரே." சரியாக இருக்கிறதா?

இறையியல் சரிதான். ஆனால் ஒரு பிரசங்கம் முழுவதும் பல்லவிக்குள் இருக்கிறது. ஒரு வீட்டு வாசலில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிஷம். அந்த வீட்டுப் பாட்டியும், தூக்கக் கலக்கத்தில் எழுந்துவந்த பேரனும் இரண்டாவது தடவையிலேயே கூடப் பாட வேண்டும். பல்லவி அவர்களுக்காக.

முதலில் ஒரே ஒரு காட்சியை எடுங்கள். மேய்ப்பர்கள், இல்லையென்றால் சத்திரத்தில் இடமில்லாதது, இல்லையென்றால் களைத்துப்போன மரியாள். படைப்பிலிருந்து சிலுவை வரை ஒரே பாட்டில் போக வேண்டாம்.

அடுத்து, நம் ஊர் டிசம்பரைக் கொண்டுவாருங்கள். நம் பிள்ளைகள் எழுதும் பாட்டில்கூட பனிக்கட்டி கொட்டுகிறது. கவிஞர் கிறிஸ்டினா ரோசெட்டி பெத்லகேம் தொழுவத்தின் மேல் உறைபனியைக் கொட்டினார் என்றால், அவர் இங்கிலாந்தில் இருந்தார், அவர் கண்ட டிசம்பர் அது. நாம் கண்ட டிசம்பர் வேறு. மழை விட்டும் விடாமலும் இருக்கும். வாசலில் கட்டிய ஸ்டார் நனையாமல் பாலிதீன் கவர் போட்டிருப்போம். தெருவில் தண்ணீர் நிற்கும், தவளைச் சத்தம் கேட்கும். உங்கள் பல்லவியை நான் இப்படி மாற்றிப் பார்த்தேன்:

மழைவிட்ட ராவிலே பாலன் வந்தார்
மாட்டுக் கொட்டிலில் தூங்க வந்தார்

இதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அளவைப் பாருங்கள், 'மழை'யும் 'மாட்டு'ம் மோனையாக நிற்பதைப் பாருங்கள். உங்கள் 'ஆதியிலே வார்த்தை' கடைசிச் சரணத்துக்குப் போகட்டும், அங்கே அழகாக உட்காரும்.

மெட்டில், நீளமான சுரத்தில் நெடில் எழுத்து விழ வேண்டும். 'ஒப்பில்லா திரு இரா' என்று சைலண்ட் நைட்டைத் தமிழில் பாடுகிறோமே, 'லா'வும் 'ரா'வும் சரியாக மெட்டு நிற்கிற இடத்தில் வருகின்றன. அதனால்தான் அது மொழிபெயர்ப்பு என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. நிற்கிற சுரத்தில் 'கு', 'து' என்று குற்றியலுகரத்தைப் போட்டால் கூட்டம் 'கூ', 'தூ' என்று இழுக்கும், பொருள் போய்விடும்.

மெட்டு ஒரு ஸ்தாயியை, அதாவது கீழ் ஸட்ஜம் (ஸ) முதல் மேல் ஸட்ஜம் வரையுள்ள எட்டுச் சுரத்தை, தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'ஜாய் டு தி வேர்ல்ட்' முதல் வரியைப் பாடிப் பாருங்கள். மேல் ஸட்ஜத்திலிருந்து கீழ் ஸட்ஜம் வரை ஒரு சுரம் விடாமல் இறங்கும் சங்கராபரண ராகத்தின் அவரோகணம் (இறங்குவரிசை) அது! முழுப் பாட்டும் அந்த எட்டுச் சுரத்துக்குள்ளேயே முடிகிறது. எத்தனை பெரிய கூட்டமும் தயங்காமல் பாடுவது அதனால்தான்.

கடைசியாக, டிரம்ஸ் அடிப்பவரைப் பல்லவி முதல் தடவை முடியும் வரை கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். புதுப் பாட்டின் வார்த்தை காதில் விழாவிட்டால் யாரும் சேரமாட்டார்கள்.

சைலண்ட் நைட் கடைசி வரி வந்ததும் எங்கள் சபையில் பாதிப் பேர் வாயை மூடிவிடுகிறார்கள். என்ன செய்ய?

கீபோர்டுக்காரர் இரண்டு கட்டையில் (டி சுருதியில்) எடுக்கிறார் என்று நினைக்கிறேன். அந்தப் பாட்டு ஒரு ஸ்தாயியைத் தாண்டி ஏறும். சுருதியைக் கீழே இறக்கி பி ஃப்ளாட்டில், அதாவது கீழ் ஆறரைக் கட்டையில் எடுங்கள். எல்லோரும் பாடுவார்கள்.

ஏற்கெனவே இவ்வளவு பாட்டு இருக்கிறது. நாங்கள் எழுதுவதை அடுத்த வருஷம் யார் பாடப் போகிறார்கள்?

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் 1918இலிருந்து கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் ஒரே ஆராதனை முறை நடக்கிறது. பழமையை அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கும் அந்த இடத்தில்கூட, 1983இலிருந்து வருஷத்துக்கு ஒரு புதுப் பாட்டைக் கேட்டு வாங்கினார்கள்.

குரூபரின் பாட்டும் அன்றைய ராத்திரியோடு முடிந்திருக்க வேண்டியதுதான். ஆர்கன் வேலை பார்க்கும் ஒருவர் அதன் பிரதியைச் சில்லர்டால் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த பாடகர் குடும்பங்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயின. 1839இல் நியூயார்க்கில் பாடிவிட்டார்கள். இதற்குள் எழுதியவர் பெயர் காணாமல் போய், இசையமைப்பாளர் மைக்கேல் ஹைடன் எழுதியதோ என்று பெர்லினிலிருந்து விசாரித்தார்கள். குரூபர் 1854இல் எழுதி வைத்ததே அதற்குப் பதிலாகத்தான்.

ஆகவே எழுதியவுடன் தாளில் பாட்டு, ராகம், தாளம், கட்டை, உங்கள் எல்லோர் பெயர், தேதி அத்தனையும் எழுதுங்கள். போனில் ஒரு தடவை பதிவுசெய்யுங்கள். ஒரு பிரதியைக் கொயர் ஃபைலில் போட்டுவிட்டு, அடுத்த நவம்பரில் முதல் பிராக்டிஸ் அன்றைக்கே அதை வெளியே எடுங்கள்.