பண்ணை முயல் கறி ஏன் ரப்பராகிறது?

கேள்வி: வத்தலக்குண்டு பக்கத்தில் பத்துப் பெட்டை, இரண்டு கிடா வைத்து நியூசிலாந்து வெள்ளை முயல் வளர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்தார் கறிக்கு வாங்குகிறார்கள். காலை ஏழு மணிக்கு அறுத்துக் கொடுப்பேன். மதியம் சமைத்துவிட்டு, "கறி ரப்பர் மாதிரி இழுக்குது, லேசா வாடையும் அடிக்குது" என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி மாதிரியே ஆறு விசில் விட்டுப் பார்த்தோம், நார் நாராகப் போய்விட்டது. அப்பாவோ, தான் சின்ன வயதில் சாப்பிட்ட முயல் இப்படி இல்லவே இல்லை என்கிறார். இது போக, மூன்று வயதான இரண்டு தாய் முயல்களைக் கழிக்க வேண்டியிருக்கிறது. அவற்றைச் சமைக்கலாமா?

பதில்: வணக்கம். நீங்கள் ஏழு மணிக்கு அறுக்கிறீர்கள், அவர்கள் பதினொரு மணிக்கு அடுப்பில் ஏற்றுகிறார்கள். உங்கள் சிக்கலில் பெரும்பகுதி அந்த நாலு மணி நேரத்தில்தான் இருக்கிறது. மசாலாவை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

எந்த உயிரினமானாலும் அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். முயல் சின்ன உடம்பு, நம் ஊர் வெயிலில் அது சீக்கிரமே விறைத்துவிடும். தூக்கிப் பார்த்தாலே தெரியும்: அறுத்தவுடன் துணி போலத் தொங்கிய பின்னங்கால், கொஞ்ச நேரத்தில் மடக்க வராத குச்சியாகிவிடும். அந்த நேரத்தில் கறியை வெட்டி அடுப்பில் ஏற்றினால், எத்தனை விசில் விட்டாலும் ரப்பர்தான். விறைப்பு தானாகத் தளர விட வேண்டும். அதற்குக் கறியை முழுசாகவே, வெட்டாமல், ஒரு பாத்திரத்தில் வைத்து மூடி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வையுங்கள். ஞாயிறு விற்பனைக்குச் சனிக்கிழமை காலையே அறுத்துவிடுங்கள். அறுத்த சூட்டோடு ஃப்ரீசரில் மட்டும் போடாதீர்கள். விறைப்பு முடியும் முன்பே உறைந்த கறி, உருகும்போது இன்னும் மோசமாகச் சுருங்கி, நீரையெல்லாம் கக்கிவிடும்.

குளிர்பெட்டி இல்லாத வீட்டுக்காரர் வாங்கினால், அறுத்த ஒரு மணி நேரத்துக்குள் சட்டியில் போடச் சொல்லுங்கள். விறைக்கும் முன் வெந்துவிட்டால் கறி மென்மையாகவே இருக்கும். கிராமத்தில் கிடா வெட்டிய கையோடு சமைத்த கறி பூப்போல இருப்பதும் இதனால்தான். வெளியே நாலைந்து மணி நேரம் பையில் கட்டி வைப்பதுதான் கூடவே கூடாதது. விறைப்பும் ஏறும், வெயிலில் கறி கெடவும் தொடங்கும்.

அடுத்து, பிடிக்கும் விதம். கொட்டகையில் துரத்திப் பிடித்து, மிரண்டு உதைக்க உதைக்க அறுத்த முயலின் தசையில் சேமிப்புச் சர்க்கரை தீர்ந்துபோயிருக்கும். அந்தக் கறி கருத்து, ஒட்டும் பசையாக, சீக்கிரம் கெடும். முந்தின நாள் இரவே தனிக் கூண்டில் விட்டு, தீவனத்தை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வையுங்கள். பன்னிரண்டு மணி நேரம் போதும். விடியற்காலையில் கழுத்துத் தோலைப் பிடித்து, மறு கையால் பின்பக்கத்தைத் தாங்கி எடுங்கள். காதைப் பிடித்துத் தூக்குவது இன்னும் பல பண்ணைகளில் நடக்கிறது. பார்க்கவே மனசு வலிக்கும். முயலுக்கும் அது கொடுமை, தோலுக்கடியில் ரத்தம் கட்டிக் கறியும் கெடுகிறது.

வாடைக்கு வருகிறேன். முயல் கறிக்கென்று தனிக் கெட்ட வாடை கிடையாது. கோழிக்கறி போல வெளுத்த, மென்மையான கறி அது. வாடை வருவது முடியிலிருந்தும் சுரப்பிகளிலிருந்தும் சிந்திய மூத்திரத்திலிருந்தும். உரிக்கும்போது முடியைத் தொடும் கை ஒன்று, கறியைத் தொடும் கை ஒன்று என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். பின்னங்கால் கணுவில் சுற்றிக் கீறி, குழந்தைக்குச் சட்டை கழற்றுவது போலத் தோலைத் தலைப்பக்கமாக உருவி இறக்கினால் முடி உள்ளே மடங்கிக்கொள்ளும், கறியில் ஒட்டாது. ஒட்டிய முடியைத் தண்ணீரில் அலசினால் இன்னும் பரவும். ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதே நல்லது.

தொடை இடுக்கில் இரண்டு பக்கமும், ஆசனவாயை ஒட்டியும், பழுப்பு நிறத்தில் சின்னச் சுரப்பிகள் இருக்கும். முயல் தன் இடத்தை அடையாளம் வைக்கும் மணம் அதிலிருந்துதான் வருகிறது. வயசுக்கு வந்த கிடாவில் அது காரமாகவே இருக்கும். கத்தி நுனியால் அவற்றைச் சுற்றி வெட்டி எடுத்துவிடுங்கள். வயிற்றைத் திறக்கும்போது சிறுநீர்ப்பையும் பித்தப்பையும் உடையக் கூடாது. பித்தப்பை ஈரலோடு ஒட்டியிருக்கும் பச்சை நிறப் பை. அதைப் பிய்க்காமல், ஈரலில் ஒரு நகக்கண் அளவு சேர்த்தே அறுத்து எறியுங்கள். நான் கால்நடைப் பணியில் சேர்ந்த புதிதில், அவசரத்தில் பித்தம் உடைந்த ஒரு முயலைக் கழுவினால் சரியாகிவிடும் என்று நினைத்து விருந்துக்குச் சமைத்துவிட்டேன். சட்டி முழுவதும் கசந்தது. அன்றிலிருந்து பித்தம் பட்ட இடத்தைக் கழுவுவதில்லை, வெட்டியே எடுத்துவிடுகிறேன்.

ஈரலைக் கையில் வாங்கியதும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வழவழப்பாக, ஒரே நிறத்தில் இருந்தால் சாப்பிடலாம். அரிசி, பட்டாணி அளவில் வெள்ளை அல்லது மஞ்சள் முடிச்சுகள் தெரிந்தால், அது ஈரலைத் தாக்கும் ரத்தக்கழிச்சல் நோயின் அடையாளம். மனிதருக்குத் தொற்றாது, ஆனாலும் அந்த ஈரலை ஒதுக்கிவிடுங்கள். அதோடு, உங்கள் கூண்டுத் தரையில் புழுக்கை தேங்குகிறது என்பதை அந்த ஈரல் உங்களுக்குச் சொல்கிறது. மிச்ச முயல்களைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண்ணாடி மணி போல நீர் நிறைந்த சின்னப் பைகள் ஈரலிலோ குடல் கொழுப்பிலோ தொங்கினால், அது நாய் நாடாப்புழுவின் இளம்பருவம். நாய் மலம் கழித்த புல்லை முயல் தின்று வருவது. அந்தக் குடலைப் பச்சையாக நாய்க்கே போட்டால் சுற்று மறுபடி தொடங்கும். சுண்ணாம்பு தூவிக் குழியில் புதைத்துவிட்டு, பண்ணை நாய்க்குப் புழுநீக்க மருந்து கொடுங்கள், முயலுக்குத் தீவனமாகும் வேலிமசால் பாத்திக்கு வேலி போடுங்கள். உடம்பில் சீழ்க்கட்டி இருந்தால் முயலையே சமையலுக்கு எடுக்காதீர்கள். சொறிக்கு ஐவர்மெக்டின் ஊசி போட்ட முயலை ஐந்து வாரமாவது கழியாமல் அறுக்க வேண்டாம். ஊசி போட்ட தேதியைக் கூண்டில் எழுதி மாட்டுங்கள்.

இனி அடுப்பு. முயலில் கொழுப்பு மிகக் குறைவு. ஆட்டுக்கறியில் கொழுப்பு உருகித் தசையை நனைத்துக்கொண்டே இருக்கும். இங்கே அந்த வசதி இல்லை. அதனால்தான் ஆறு விசிலில் நாராகிவிட்டது. பன்னிரண்டு முதல் பதினான்கு வாரம், சுமார் இரண்டு கிலோ எடைக்கு வந்த முயல் கறிக்குச் சரியான பருவம். எலும்போடு ஒரு கிலோ கறி, சில சமயம் கொஞ்சம் கூட, கிடைக்கும். கட்டையில் வைத்துக் கொத்தாதீர்கள். முயல் எலும்பு ஊசி ஊசியாகச் சிதறும், குழந்தைகள் தொண்டையில் குத்தும். மூட்டு மூட்டாகக் கத்தியால் பிரியுங்கள். முதுகுக்கறியின் மேல் பளபளவென்று ஒரு வெள்ளைச் சவ்வு ஓடும். அதன் கீழ் கத்தியை நுழைத்து இழுத்தால் பட்டையாக உரிந்து வரும். அது இருந்தால் வேகும்போது கறியைச் சுருட்டிப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு கிலோவுக்கு அரைக் கப் தயிர், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது பிசறி ஒரு மணி நேரம் வையுங்கள். கனமான சட்டியில் நாலு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, சோம்பு, பட்டை, இருநூறு கிராம் சின்ன வெங்காயம், ஒரு தக்காளி வதக்கி, உங்கள் வீட்டு மல்லி, மிளகாய், மிளகு, சீரக அரைப்பைச் சேருங்கள். முதலில் தொடையும் முன்னங்காலும். கறியே நீர் விடும், அரை டம்ளர் தண்ணீருக்கு மேல் வேண்டாம். மூடி போட்டுச் சிறு தீயில் இருபது நிமிடம் வெந்த பிறகே முதுகுக்கறியைப் போடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் தொடை வேகும்போது முதுகு வறண்டுவிடும். இன்னும் இருபது நிமிடத்தில் தொடை எலும்பிலிருந்து கறி விலகும், எலும்போரம் சிவப்பு தெரியக் கூடாது. இறக்கும்போது பல்லுப்பல்லாகக் கீறிய தேங்காய் ஒரு கைப்பிடி சேர்த்தால், முயலில் இல்லாத கொழுப்பை அது ஈடுகட்டும். குக்கர்தான் வேண்டுமென்றால் இரண்டு விசில், ஆவி தானாக அடங்கட்டும்.

ஈரலைக் குழம்பில் போடாமல் தனியாக, மிளகும் உப்பும் போட்டு உள்ளே சிவப்பு மாறும் வரை மட்டும் வதக்குங்கள். அதற்கு மேல் போனால் மண் போலாகிவிடும்.

அப்பா சொல்வது உண்மை. அவர் சாப்பிட்டது காட்டு முயல், கருஞ்சிவப்புக் கறி, வேறு விலங்கு. நாம் வளர்ப்பது ஐரோப்பாவிலிருந்து வந்த வளை தோண்டும் முயல், இரண்டும் இனம் கூடுவதுகூட இல்லை. காட்டு முயல் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது, பிடித்தாலோ விற்றாலோ வழக்கு வரும். உங்கள் பண்ணைப் பெயரில் யாரும் அதைக் கலந்து விற்க இடம் கொடுத்துவிடாதீர்கள். கறி விற்பவர் என்ற முறையில் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் எடுத்து வையுங்கள்.

கழிக்கும் தாய் முயல்களைத் தாராளமாகச் சமைக்கலாம், விற்க மட்டும் வேண்டாம். அவற்றை இரண்டு நாள் குளிரில் வைத்து, தோலோடு அரைத்த பச்சைப் பப்பாளி ஒரு மேசைக்கரண்டி பிசறி அரை மணி நேரம் கழித்து, குழம்பு நீரோடு குக்கரில் ஏற்றி, முதல் விசிலுக்குப் பின் சிறு தீயில் இருபத்தைந்து நிமிடம் விடுங்கள். இளம் முயலுக்குப் பாழான அந்த நீண்ட வேக்காடுதான் கிழட்டுத் தசைக்கு வேண்டியது. பிறகு எலும்பை எடுத்துவிட்டு, அதே சாற்றைச் சுண்ட விட்டுச் சுக்காவாக்குங்கள்.

அவற்றின் இடத்துக்குப் புதுப் பெட்டை வேண்டுமென்றால் உங்களுக்கு மலையேறினால் போதும். கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூரில் மத்திய செம்மறியாடு, உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தெற்கு மண்டல மையம் இருக்கிறது, முயல் இனங்களை அங்கே வளர்க்கிறார்கள். முன்கூட்டியே சொல்லி வைத்து, வெயில் ஏறும் முன் கீழே இறக்கிவிடுங்கள்.