சொட்டுநீர்க் குழாய்க்கு எவ்வளவு அமிலம்?

கேள்வி: தென்னைக்கு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து சொட்டுநீர் விடுகிறேன். சொட்டுவான்களில் வெள்ளையாக உப்புப் படிந்து அடைத்துக்கொள்கிறது. அமிலம் விடச் சொல்கிறார்கள்; அளவைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: யாரையும் நம்ப வேண்டாம். அவரவர் கிணற்றுக்கு ஏற்ற அளவைச் சொல்லியிருப்பார்கள். அது உங்கள் தண்ணீருக்குப் பொருந்தாது.

முதலில் அந்த வெள்ளைப் படிவின்மேல் ஒரு சொட்டு அமிலம் விடுங்கள். சுர்ரென்று நுரைத்தால் சுண்ணாம்பு, அமிலத்துக்குக் கரையும். நுரைக்காவிட்டால் அடைப்புக்குக் காரணம் வேறு, அமிலம் வீண்செலவு.

சுண்ணாம்புதான் என்றால், ஒரு பிளாஸ்டிக் வாளியில் கிணற்று நீர் 10 லிட்டர் அளந்து எடுங்கள். கடையில் வாங்கிய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊசியில்லாத சிரிஞ்சால் அரை அரை மில்லியாக விட்டு, குச்சியால் கலக்கி, பி.எச். தாளை (தண்ணீரின் அமிலத்தன்மையை நிறத்தால் காட்டும் தாள்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) நனைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் பச்சையாக இருக்கும் தாள் மெல்ல மஞ்சளாகும். அதன்பின் நெடுநேரம் பெரிதாக மாறாது. பொறுமை இழந்து ஒரேயடியாக ஊற்றிவிடாதீர்கள். தண்ணீரில் கரைந்திருந்து சுண்ணாம்பாகப் படியும் பைகார்பனேட் தீரும் தறுவாயில் அரை மில்லிக்கே சட்டென ஆரஞ்சுக்கு இறங்கும். 4 காட்டியதும் நிறுத்துங்கள்.

6 மில்லி செலவானதாக வைத்துக்கொள்வோம். 1,000 லிட்டருக்கு 600 மில்லி. உங்களுக்கு வேண்டிய அளவு இதுதான். அமிலத்தின் வீரியம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அதே கேனையே பயன்படுத்துங்கள்.

வீரியம் தெரிந்தால் தண்ணீரின் குணமும் தெரிந்துவிடும். 33 சதவீத அமிலம் 1 மில்லியில் சுமார் 10.5 மில்லி சமானம் (அமிலத்தின் வினைத்திறனை அளக்கும் அலகு) உண்டு. 6 மில்லிக்கு 63. அதை 10 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 6.3. அதை பைகார்பனேட்டின் சமான எடையான 61ஆல் பெருக்கினால் லிட்டருக்கு ஏறத்தாழ 384 மில்லிகிராம் பைகார்பனேட். உப்புப் படியாமல் என்ன செய்யும்! ஆய்வகத்தில் பியூரெட் என்ற அளவுக் குழாயை வைத்துச் செய்வதும் இதே கணக்குத்தான்.

மோட்டார் மணிக்கு 5,000 லிட்டர் இறைத்தால், வென்சுரி (அமிலத்தை உறிஞ்சிக் குழாய்த் தண்ணீரில் கலக்கும் கருவி) மணிக்கு 3 லிட்டர் அமிலத்தை இழுக்கும்படி திருகுங்கள். கடைசிக் குழாயின் முனையில் தாள் 4 காட்டியதும் மோட்டாரை நிறுத்தி, 24 மணி நேரம் அப்படியே விட்டு, மறுநாள் முனைமூடிகளைத் திறந்து கலங்கல் தெளியும்வரை தண்ணீரை ஓட விடுங்கள்.

கையுறையும் கண்ணாடியும் அணியாமல் கேனைத் தொடாதீர்கள். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. பாசிக்காக பிளீச்சிங் பவுடர் விடுகிறவராக இருந்தால், இரண்டையும் ஒரே நாளில் விடாதீர்கள். சேர்ந்தால் கிளம்பும் குளோரின் வாயு ஆளையே கொல்லும்.