வாசகர் கேள்வி–பதில்: தலையில் சட்டியோடு ஒரு நீர்நாய்

போன இதழில், நாங்கள் ஜப்பானில் இருந்த காலத்தைப் பற்றி எழுதும்போது ஹிகோனே கோட்டையின் பொம்மைப் பூனையை நாலு வரியில் சொல்லிவிட்டுப் போனேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தப் பூனையையும் அதன் கூட்டத்தையும் பற்றித்தான். சரி, இந்த இதழ் முழுக்க ஜப்பானின் ஊர்ப்பொம்மைகளுக்கே; அதாவது, ஓர் ஊரையோ மாகாணத்தையோ அடையாளம் காட்ட, ஆள் உடைக்குள் புகுந்து நடமாடும் பொம்மைகள்.

கேள்வி: என் மகன் வேலை கிடைத்துக் குமாமோட்டோ போயிருக்கிறான். அவன் அனுப்புகிற படங்களில் எல்லாம் கன்னம் சிவந்த ஒரு கறுப்புக் கரடி நிற்கிறது. தக்காளிப் பெட்டியில், ரயில் நிலையத்தில், கடை வாசலில். அது ஏதாவது சாமியா? (வாசகி, கோவில்பட்டி)

சாமி இல்லை அம்மா, குமாமோன். அந்த மாகாண அரசு அவனுக்கு விற்பனைத் துறைத் தலைவர், மகிழ்ச்சித் துறைத் தலைவர் என்று இரண்டு பதவி கொடுத்திருக்கிறது. 'குமா' என்றால் கரடி; 'மோன்' என்பது அந்த ஊர்ப் பேச்சில் 'ஆள்'. நம் வழக்கில் 'நம்ம ஆளு' என்கிறோமே, அந்த வாஞ்சை அதில் இருக்கிறது. இத்தனைக்கும் குமாமோட்டோ இருக்கும் கியூஷு தீவில் இப்போது காட்டுக் கரடியே கிடையாது!

கியூஷு புல்லட் ரயில் பாதை 2011 மார்ச் 12 அன்று முழுமையாகத் திறக்கப்பட இருந்தது. ஒசாகாவில் ஏறுகிறவர்கள் குமாமோட்டோவில் இறங்காமல் நேரே பாதையின் கடைசி ஊரான ககோஷிமா போய்விடுவார்களோ என்று மாகாணத்துக்குக் கவலை. மக்களை இழுக்க ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். அதற்குச் சின்னம் வரைந்து தரச் சொன்னபோது, வடிவமைப்பாளர் மனாபு மிசுனோ சின்னத்தோடு ஒரு கரடியையும் வரைந்து கொடுத்தார். கேட்காமல் கொடுத்த கரடிதான் நிலைத்தது. 2010இல் அவனை ஒசாகாவுக்கு அனுப்பி, தெருத்தெருவாக 10,000 விசிட்டிங் கார்டு கொடுக்க வைத்தார்கள். நடுவில் அவனைக் காணோம் என்று கவர்னரே பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். 2013இல் கன்னத்துச் சிவப்பு தொலைந்துவிட்டது என்று இன்னொரு தேடல். தக்காளி, தர்பூசணி, அந்த ஊர்ச் செம்மாடு என்று மாகாணத்தின் சிவப்பான பொருள்களை எல்லாம் ஊர் உலகத்துக்குக் காட்டுவதற்கான சாக்கு அது. அனுமதி வாங்கினால் உள்ளூர் வியாபாரி அவன் படத்தைக் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம்; பண்டம் குமாமோட்டோவுக்குப் பெருமை சேர்ப்பதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் மகன் பார்த்த தக்காளிப் பெட்டிக்கு அவன் வந்தது அப்படித்தான்.

ஆனால் அவனை நான் உண்மையில் மதிக்க ஆரம்பித்தது 2016இல். ஏப்ரல் 14ஆம் தேதி இரவு ஒரு நிலநடுக்கம், 16ஆம் தேதி அதைவிடப் பெரியது. குமாமோன் வெளியே வருவதை நிறுத்திக்கொண்டான். ட்விட்டரிலும் சத்தமில்லை. 'குமாமோன் நல்லா இருக்கானா?' என்று ஜப்பான் முழுக்கக் கேட்டார்கள். மே 5, அங்கே குழந்தைகள் தினம். அன்றைக்கு, நிலநடுக்கத்தில் சேதமான நிஷிஹாரா கிராமத்துக் குழந்தைகளைப் பார்க்கப் போனான். ஹிகோனே இருக்கும் ஷிகா மாகாணத்தில், எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் அவன் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன்.

கேள்வி: அந்த உடைக்குள் இருப்பது ஆணா பெண்ணா? (வாசகர், திருவாரூர்)

இந்தக் கேள்வியை என் மகள் ஐந்து வயதில் ஹிகோனே கோட்டை வாசலில் சத்தமாகக் கேட்டாள். பக்கத்தில் நின்ற பாட்டியம்மா குனிந்து, 'உள்ளேயா? உள்ளே ஹிகோன்யான் இருக்கு' என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நானும் அதையே உங்களுக்குச் சொல்கிறேன்.

ஹிகோன்யான்தான் அந்தக் கோட்டைப் பூனை. வெள்ளை உடம்பு, தலையில் தங்கக் கொம்பு வைத்த சிவப்புத் தலைக்கவசம், கழுத்தில் மணி. ஹிகோனேயை ஆண்ட 'ஈ' என்ற பெயருள்ள வம்சத்துப் படை சிவப்புக் கவசம் அணிந்தது, அதனால் அந்த நிறம். பூனை வந்ததற்கும் கதை உண்டு. ஈ நவோதாகா என்ற பிரபுவை எதோவின் (இன்றைய டோக்கியோ) கோதோகுஜி கோயில் பூனை ஒன்று கையசைத்து உள்ளே கூப்பிட்டதாம். அவர் போனதும் வெளியே இடி விழுந்ததாம். 2007இல் கொண்டாடிய கோட்டையின் 400ஆவது ஆண்டு விழாவுக்காகப் பிறந்தது ஹிகோன்யான். அது பேசாது. பெரிய வித்தை ஒன்றும் காட்டாது. அரையடி அரையடியாக நடந்து வந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அப்படியே நிற்கும். அந்தச் சாய்வுக்குத்தான் கூட்டம் 'ஆ' என்று வாயைப் பிளக்கும்.

கேள்வி: ஒவ்வொரு நகராட்சியும் ஒரு பொம்மை வைத்துக்கொள்வது வரிப்பணத்துக்குக் கேடு இல்லையா? சில பொம்மைகள் பார்க்கவும் சகிக்கவில்லை. (வாசகர், சேலம்)

உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. 2015இல் இந்தப் பொம்மைகளின் தேசியப் போட்டியில் மட்டும் 1,727 கலந்துகொண்டன. அளவு மிஞ்சித்தான் போனது. ஒசாகா மாகாணமே தன் பொம்மைக் கூட்டத்தைக் குறைத்துக்கொண்டு மொசுயான் என்ற ஒரு பறவையை முன்னே நிறுத்தியது. தேசியப் போட்டியும் 2020ஓடு முடிந்தது. கடைசி முதலிடம், சுனாமி அடித்துப்போன ரிகுசென்தகாதா நகரத்தின் பொம்மைக்கு.

சகிக்கவில்லை என்கிறீர்களே, அங்கேதான் நான் மாறுபடுகிறேன். இவற்றுக்கு 'யுருக்யாரா' என்று பெயர் வைத்தவர் ஓவியரும் எழுத்தாளருமான ஜுன் மியுரா. 'யுருயி' என்றால் தொளதொள; 'க்யாரா' என்பது 'கேரக்டர்'. சொந்த ஊர்மேல் பாசம் தெரிய வேண்டும், நடையில் ஒரு தடுமாற்றம் இருக்க வேண்டும், பார்த்தால் மனசு இளக வேண்டும், இவைதான் அவர் சொன்ன இலக்கணம். அழகு அதில் இல்லவே இல்லை. நாரா தலைநகரான 1300ஆவது ஆண்டுக்காக, புத்தர் சாயலில் ஒரு பையனுக்கு மான்கொம்பு வைத்து 2008இல் செந்தோகுன்னைக் காட்டினார்கள். கோயில்காரர்களே எதிர்த்தார்கள். இன்றைக்கு அவன் நாரா மாகாணத்தின் அதிகாரப்பூர்வப் பொம்மை. இமாபாரியின் பாரிசானைப் பாருங்கள்: கோழிக்குஞ்சு மாதிரி உருண்டை உடம்பு, தலையில் அந்த ஊர்ப் பாலம் கிரீடமாக, இடுப்பில் அந்த ஊர்த் துண்டு, கையில் கப்பல் வடிவில் பணப்பை. இமாபாரி துண்டு நெய்கிற ஊர், கப்பல் கட்டுகிற ஊர். ஒரு பக்கக் கட்டுரை சொல்வதை அந்தக் குஞ்சு நின்ற இடத்தில் சொல்லிவிடுகிறது.

கேள்வி: உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? (வாசகி, மதுரை)

ஷிஞ்ஜோகுன். ஷிகோகு தீவில் சுசாகி என்ற சின்னக் கடலோர நகரத்தின் நீர்நாய். அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு முறை ரயில் ஏறிப் போனோம். தலையில் ஒரு மண்சட்டியைத் தொப்பியாகக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்திருக்கும், அதற்குள் ராமென் என்ற நூடுல்ஸ் சூப். சட்டியோடு கொதிக்கக் கொதிக்கப் பரிமாறுகிற 'நபேயாகி ராமென்' அந்த ஊர்ச் சாப்பாடு. கோழிக் குழம்பு, மேலே உடைத்து ஊற்றிய முட்டை, வெங்காயத்தாள், மீன்கூழில் செய்த சிக்குவா. மூடியைத் திறந்த பிறகும் கொஞ்ச நேரம் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தது.

சாப்பிட்டுவிட்டு ஷிஞ்ஜோ ஆற்றங்கரைக்குப் போனோம். நீர்நாய்க்குப் பெயர் கொடுத்த ஆறு. ஜப்பானிய நீர்நாயைக் கடைசியாகப் பார்த்தது அங்கேதான், 1979இல். 2012இல் அந்த இனம் அழிந்துவிட்டதாக அரசு அறிவித்தது. ஷிஞ்ஜோகுன் தன் இனத்தாரைத் தேடி ஊர் ஊராகப் போவதாகத்தான் சுசாகிக்காரர்கள் கதை சொல்கிறார்கள். 2016 தேசியப் போட்டியில் முதலிடமும் அதற்குத்தான்.

ஆற்றில் தண்ணீர் குறைவு. அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. என் மகள் கரையில் உட்கார்ந்து வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பலாமா என்று கேட்டதற்கு, 'இரும்மா, வந்தாலும் வரும்' என்றாள்.